ஆற்றுப் புழுவின் சாட்சியம்

நீதிமன்றமேறும் சாட்சிகளுள் மூவகையினரை வழக்கறிஞர் நன்கறிவர். கண்டதைச் சொல்பவன் ஒருவன். கேட்டதைச் சொல்பவன் ஒருவன். சொல்லிக் கொடுத்ததைச் சொல்பவன் இன்னொருவன். இம்மூவரிலும் சேராத நாலாவது சாட்சி ஒன்றைப் பற்றியே இவ்வாரம் எழுத விரும்புகின்றோம். அதற்கு வாயில்லை. அழைப்பாணை அனுப்பி அதனை வரவழைக்க முடியாது. சத்தியப் பிரமாணம் செய்விக்கவும் முடியாது. விரல் நகத்தின் நீளமே உள்ள ஓர் ஆற்றுப் புழு அது. ஐக்கிய அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்திலே, கிளாக் போக் என்னும் ஆற்றின் அடியிற் கிடக்கும் கூழாங்கற்களுக்கிடையே வாழ்வது. ஒரு நூற்றாண்டுக் காலம் செம்புச் சுரங்கம் அந்த ஆற்றுக்கு இழைத்த தீங்கைத் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருப்பது.

எமது மக்களின் வயிற்றையும் நிலத்தையும் பற்றிய பிரச்சினைகள் ஆயிரம் இருக்க, கடல்கடந்த நாட்டுப் புழுவுக்கு ஓர் ஆசிரியத் தலையங்கமா என்று வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சற்றுப் பொறுமையோடு வாசிக்குமாறு வேண்டுகின்றோம். நிலத்தைத் தோண்ட உத்தரவு வழங்கும் ஒவ்வோர் அரசாங்கமும், "ஆறு கெடாது, கெட்டால் அளந்து பார்த்துத் தடுப்போம்" என்றே மக்களுக்கு வாக்களிக்கின்றது. அளப்பது எதைக் கொண்டு? அந்த அளவுகோல் நேரானதா? இவ்வினாவுக்கு விடை தெரியாத மக்கள் தமது உரிமையைப் பற்றி வாதாடவே முடியாது. விடையைத் தேடுவதற்குக் கிளாக் போக் ஆற்றைக் காட்டிலும் தக்க இடம் உலகிற் சிலவே உள.

மொன்ரானாவிலே பியூட் என்னும் மலைநகர் இருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே மின்சாரக் கம்பிக்கும் தொலைபேசிக் கம்பிக்கும் உலகமெல்லாம் செம்பைத் தேடியபோது, அந்நகரின் குன்று "உலகின் மிகச் செல்வமான குன்று" என்று பெயர் பெற்றது. அங்கே தோண்டிய தாதுவை உருக்குவதற்கு இருபத்தைந்து மைல் தொலைவில் எழுந்த ஊரும், அதனை ஆண்ட கம்பனியும் அனகொண்டா என்னும் ஒரே பெயரைத் தாங்கின. (இந்தப் பெயர்ச்சொல்லே இலங்கையிலிருந்து மேனாட்டுக்குக் கப்பலேறியது என்பது அறிஞர் பலரின் கருத்து. சிங்களத்து "ஹெனகந்தயா" என்பாரும், தமிழின் "யானைகொன்றான்" என்பாரும் உளர். பெயர் எங்கிருந்து வந்தாலும், விழுங்கும் தொழிலிற் குறைவில்லை.)

செம்புத் தாதுவிற் கந்தகமும் இரும்பும் பிணைந்திருக்கின்றன. நிலத்தினடியிற் காற்றுப் படாமற் கிடக்கும் வரையில் அவை எவருக்கும் தீங்கு செய்வதில்லை. தோண்டி வெளியே கொட்டியதும் காற்றும் நீரும் சேர்ந்து அவற்றைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாத நுண்கிருமிகள் அந்த வேலையைப் பன்மடங்கு விரைவாக்குகின்றன. அமிலம் எஞ்சியிருக்கும் செம்பையும், நாகத்தையும், கட்மியத்தையும் கரைத்து ஓடைக்குக் கொண்டு செல்கின்றது. ஆசனிக்கு என்னும் பாஷாணமும் ஈயமும் கழிமண்ணோடு மண்ணாகச் செல்கின்றன. பியூட் நகரின் கழிவெல்லாம் சில்வர் போ என்னும் சிற்றாற்றில் இறங்கிற்று. அச்சிற்றாறு கிளாக் போக்கின் தலையூற்றாயிற்று. 1908ஆம் ஆண்டு யூன் மாதத்திற் பெருவெள்ளம் வந்தது. மலைபோற் குவிந்திருந்த கழிமண்ணை அது வாரி, ஏறக்குறைய 120 மைல் தூரத்திற்கு இரு கரைகளிலும் பரப்பிற்று. அதே ஆண்டின் தொடக்கத்திற் கட்டி முடிக்கப்பட்டிருந்த மில்ரவுண் அணை எஞ்சிய சேற்றைத் தன் பின்னாலே தேக்கிக்கொண்டது.

அந்நாளில் மக்கள் வாளாவிருக்கவில்லை. உருக்காலைப் புகையின் ஆசனிக்குப் புல்லிற் படிந்து தமது மாடும் குதிரையும் மடிவதைக் கண்ட டியர் லொட்ஜ் பள்ளத்தாக்கின் விவசாயிகள் 1905இல் வழக்குத் தொடுத்தனர். பிளிஸ் என்பவர் வழக்காளி. கூட்டாட்சி நீதிமன்றத்தின் நீதிபதி ஹண்ட் 1909இல் தீர்ப்பளித்தார். உருக்காலையை நிறுத்தினாற் பியூட்டும் அனகொண்டாவும் பாழாகும், பல்லாயிரவர் பிழைப்பிழப்பர். விவசாயிகளின் நட்டத்தைப் பணத்தினால் ஈடுசெய்யலாம். ஆகவே தடையுத்தரவு இல்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். 1911இல் மேன்முறையீடும் தோற்றது. வசதி வசதியீனங்களைத் தராசில் நிறுக்கும் இக்கோட்பாடு எமது நீதிமன்றங்களிலும் வழங்குவதே. அதனை நாம் குறை கூறவில்லை. ஆனால், தராசின் ஒரு தட்டிலே கம்பனி தனது கணக்குப் புத்தகத்தை வைத்தது. மறுதட்டில் வைப்பதற்கு விவசாயியிடம் இறந்த மாட்டின் எலும்பைத் தவிர வேறென்ன இருந்தது? ஆற்றின் தரப்பிலோ தட்டில் வைப்பதற்கு எதுவுமே இருக்கவில்லை.

பின்னர் எழுபது ஆண்டுகள் சென்றன. 1977இல் அனகொண்டாக் கம்பனியை அத்திலாந்திக் றிச்பீல்ட் என்னும் எண்ணெய்க் கம்பனி வாங்கியது. 1980இல் உருக்காலை மூடப்பட்டது. 1982இற் பியூட்டின் சுரங்கங்களில் நீரிறைத்து வந்த இயந்திரங்களும் நிறுத்தப்பட்டன. வேலை போயிற்று, கழிமண் போகவில்லை. 1981இல் மில்ரவுண் அணையருகே சில வீடுகளுக்கு நீர் வழங்கிய கிணறுகளில் ஆசனிக்கு இருப்பது தெரியவந்தது. 1980ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கப் பாராளுமன்றம் நிறைவேற்றிய, "சுப்பர் பண்ட்" எனப் பேர்பெற்ற சட்டம், நஞ்சைக் கொட்டியவனும் அவனது சொத்தை வாங்கியவனும் எக்காலத்திற் கொட்டியதாயினும் துப்புரவுச் செலவுக்குப் பொறுப்பாளிகள் என்று விதித்திருந்தது. 1983இல் பியூட்டும் அனகொண்டாவும் மில்ரவுணும் அச்சட்டத்தின் பட்டியலில் ஏறின. அதே ஆண்டு மொன்ரானா மாநில அரசாங்கம், தனது மக்களுக்குப் பொதுவான நீரும் மீனும் நிலமும் கெட்டமைக்கு நட்டஈடு கோரி அத்திலாந்திக் றிச்பீல்ட் மீது வழக்குத் தொடுத்தது.

இங்கேதான் அளவுகோல் பற்றிய வினா எழுகின்றது. ஆறு கெட்டதென்பதை எவ்வாறு நிரூபிப்பது? "நீரை ஒரு போத்தலில் எடுத்துச் சோதித்துப் பார்ப்பது" என்று எவரும் சொல்லுவர். போத்தலில் அடைபடும் நீர் அந்தக் கணத்தின் நீரே. நேற்றுச் சென்றது இன்று இல்லை. கிளாக் போக்கின் கரைகளிலே புல்பூண்டு முளைக்காத வெற்றுத் திட்டுக்கள் உண்டு. வெயிற் காலத்தில் அடிமண்ணின் ஈரம் மேலேறி ஆவியாக, செம்பு உப்பு நீலமும் பச்சையுமாக அத்திட்டுக்களிற் பூத்து நிற்கும். திடீரென இடிமழை பெய்தால் அவ்வுப்பெல்லாம் ஒரே வீச்சில் ஆற்றில் இறங்கும். 1989ஆம் ஆண்டு யூலையில் அவ்வாறு பெய்த மழையிலே 5,000க்கு மேற்பட்ட மீன்கள் செத்து மிதந்தன. முதல்நாள் எடுத்த போத்தல் நீர் தூயது. மூன்றாம் நாள் எடுத்ததும் ஏறக்குறையத் தூயது. இரண்டு அறிக்கைகளும் உண்மை. இரண்டையும் சேர்த்து வாசிப்பவன் அறிவது பொய்.

புழுவோ அங்கேயே இருந்தது. ஐதரோப்சைக்கி என்று விஞ்ஞானிகள் அழைக்கும் இப்பூச்சி, சிறகு முளைக்கும் முன்னர் தன் வாழ்நாளிற் பெரும்பகுதியை ஆற்றினடியிலே குடம்பியாகக் கழிக்கின்றது. வலைஞனைப் போன்றது அதன் பிழைப்பு. இரு கற்களுக்கிடையே பட்டு நூலால் ஒரு சிறு வலையைக் கட்டி, நீரோட்டம் கொண்டுவரும் பாசியையும் துணிக்கையையும் அதிலே பிடித்துண்ணுகின்றது. ஊர்விட்டு ஊர் செல்வதில்லை. நீரிற் கரைந்த செம்பு அதன் தோலினூடும் செவுளினூடும் புகுகின்றது. மண்துகளிலும் பாசியிலும் ஒட்டிய செம்பு உணவோடு குடலிற் புகுகின்றது. உடம்பு அதிற் சிறிதை வெளியேற்றுகின்றது. சிறிதைப் புரதத்தோடு பிணைத்தும் மணிமணியாக உருட்டியும் ஒதுக்கி வைக்கின்றது. எஞ்சியது உயிரணுவின் தொழிலிலே தலையிடுகின்றது. ஆகவே ஓகத்து மாதத்திற் பிடித்த ஒரு குடம்பியின் உடல், அதற்கு முந்திய பல வாரங்களில் ஆறு கொண்டு வந்தவற்றின் திரட்டாகும்.

அமெரிக்கப் புவிச்சரிதவியல் ஆய்வுத் திணைக்களத்தைச் சேர்ந்த சாமுவேல் லூமா, டானியல் கேயின் முதலிய விஞ்ஞானிகள் 1980களின் நடுப்பகுதியிலே கிளாக் போக்கில் இந்தக் கணக்கெடுப்பைத் தொடங்கினர். ஆண்டுதோறும் கோடையின் இறுதியில், அதே இடங்களில், அதே முறையிற் பூச்சிகளைப் பிடித்து, உலர்த்தி, அமிலத்திற் கரைத்து, உலோகத்தை அளந்தனர். கழிமண் குவிந்த மேலாற்றின் பூச்சிகளிற் செம்பும் கட்மியமும் பன்மடங்கு மிகுந்திருந்தன. கீழே செல்லச் செல்ல, பக்கத்து ஆறுகள் வந்து கலக்கக் கலக்க, குறைந்தன. நீர் பெருகிக் கரையை அரித்த ஆண்டுகளில் அளவு உயர்ந்தது. வறண்ட ஆண்டுகளிற் தாழ்ந்தது. இந்த ஏற்றவிறக்கத்தின் சட்டப் பெறுமதியை எம் வாசகர் கவனிக்க வேண்டும். வறண்ட இரண்டாண்டுகளை மாத்திரம் எடுத்துக் காட்டி, "எமது துப்புரவு வேலை பலித்துவிட்டது" என்று எந்தப் பொறுப்பாளியும் சொல்லலாம். நல்ல மழை பெய்த ஓராண்டை மாத்திரம் எடுத்து, "ஒன்றுமே நடக்கவில்லை" என்று எந்த வழக்காளியும் சொல்லலாம். இருவர் வாயையும் அடைப்பது இடையறாத நீண்ட பதிவேடு ஒன்றே.

இனி, மேலோட்டமாகப் பார்ப்போர் இடறி விழும் இடம் ஒன்றுண்டு. "ஆற்றிலே பூச்சி நிறைய இருக்கின்றதே, பின் கெட்டது எப்படி?" என்பர். இருப்பவை எவை என்று கேட்பதோடு, இல்லாதவை எவை என்றும் கேட்க வேண்டும். எல்லாப் பூச்சியும் ஒரே விதமாக உலோகத்தைத் தாங்குவதில்லை. மேலே சொன்ன வலைகட்டும் புழு செம்பை ஒதுக்கி வைத்துப் பிழைக்க வல்லது. ஒருநாள் மட்டுமே சிறகோடு வாழும் "மேப்பூச்சி" இனங்களுட் சில அவ்வாறு வல்லனவல்ல. கேயினும் லூமாவும் அவரது கூட்டாளிகளும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் கிளாக் போக்கிலேயே காட்டியது. எந்த இனங்களில் உடம்பிற் சேர்ந்த செம்பு ஒதுக்கப்படாமல் உயிரணுவின் மென்மையான பகுதிகளிலே தங்கியதோ, அவ்வினங்களே கெட்ட பகுதிகளில் அருகியும் அற்றும் போயிருந்தன. தாங்க வல்லவன் நஞ்சைச் சுமந்துகொண்டு ஊரிலே இருக்கின்றான். தாங்க இயலாதவன் ஊரைவிட்டே அழிந்தான். முன்னவன் இருப்பதைக் காட்டி ஊர் நலமென்று அறிக்கையிடுவது கணக்கன்று, கண்கட்டு.

இதைவிடப் பாரதூரமான ஒன்றைக் கூறவேண்டும். ஆற்றுநீரில் இவ்வளவு செம்பு இருக்கலாம், இவ்வளவு நாகம் இருக்கலாம் என்று அரசாங்கங்கள் விதிக்கும் எல்லை எங்கிருந்து வருகின்றது? பெரும்பாலும் ஆய்வுகூடத்திலிருந்து. கண்ணாடிப் பாத்திரத்திலே தூய நீரை ஊற்றி, அதிற் கரைந்த உலோகத்தைச் சேர்த்து, உயிரினத்தை விட்டு, 96 மணித்தியாலம் வரையில் எத்தனை சாகின்றன என்று எண்ணுகின்றார்கள். அச்சோதனையில் ஆற்றுப் பூச்சிகள் பல, வியக்கத்தக்க உறுதியோடு பிழைத்துக்கொள்கின்றன. அதே பூச்சிகள், அதனிலும் எவ்வளவோ குறைந்த உலோகமுள்ள உண்மையான ஆறுகளில் இல்லாமற் போகின்றன! இம்முரண்பாட்டை விஞ்ஞானிகள் நெடுங்காலமாக அறிவர். காரணமும் பெருமளவு தெளிந்துள்ளது. நான்கு நாட்சோதனையிற் பூச்சிக்கு உணவில்லை, அல்லது நஞ்சேறாத உணவே உண்டு. ஆற்றிலோ கல்லிற் படிந்த பாசிப்படலம் உலோகத்தை உறிஞ்சி வைத்திருக்கின்றது. பூச்சி மாதக்கணக்கில் அதனையே மேய்கின்றது. நஞ்சு வாசல் வழியாக வரும் நேரம் பார்த்து வாசலிலே காவல் வைத்தார்கள். அது அடுப்படி வழியாக வந்துகொண்டிருந்தது.

அடுத்த படி மீன். ஆற்றிலே வாழும் திரவுட் மீனின் முதன்மையான இரை இந்தப் பூச்சிகளே. (எமது மலைநாட்டு ஓடைகளில் வெள்ளைக்காரத் துரைமார் தூண்டிற் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்து விட்ட அதே மீனினம்.) 1990களின் முற்பகுதியில் விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தனர். கிளாக் போக்கிற் பிடித்த பூச்சிகளைத் திரவுட் குஞ்சுகளுக்கு உணவாகக் கொடுத்தனர். வேறு குஞ்சுகளுக்கு மாசில்லாத இடத்துப் பூச்சிகளைக் கொடுத்தனர். கிளாக் போக்கின் இரையை உண்டவை குன்றின. அவற்றுட் கூடுதலானவை மாண்டன. நீர் நல்லதாயிருந்தும் இரை போதுமானதாயிற்று. அவ்விரையிலிருந்த உலோகங்களுள் எது முதற் குற்றவாளி என்பது பற்றிப் பின்வந்த ஆய்வுகள் ஆசனிக்கின் மேல் விரல் நீட்டியுள்ளன. செம்பை முற்றாக விடுதலை செய்துவிடவுமில்லை. கூட்டாகக் களவெடுத்தோரிற் பூட்டை உடைத்த கை எது என்ற ஆராய்ச்சி அறிவுக்கு வேண்டியதே. அதன் முடிவு வரும் வரைக்கும் வீட்டுக்காரன் திறந்த கதவோடு காத்திருக்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை.

மாநிலத்தின் வழக்கு 1997இல் விசாரணைக்கு வந்தது; 1998இல் 21 கோடி 50 இலட்சம் டொலருக்குச் சமரசமாயிற்று. 1983இல் தொடுத்த வழக்கு! பதினைந்தாண்டுகள்! ஓர் அரசாங்கத்துக்கே இந்த நிலையென்றால், காணித் துண்டொன்றை மாத்திரம் வைத்திருக்கும் குடியானவன் எவ்வளவு காலம் நின்று பிடிப்பான்? எனினும் 1909இன் விவசாயிக்கும் 1998இன் மாநிலத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் காணாதிருக்க முடியாது. பின்னவரின் கையில் ஆற்றின் தரப்பு எண்கள் இருந்தன. மண்ணின் எண், பூச்சியின் எண், பூச்சியை உண்ட மீனின் எண் எனச் சங்கிலி கண்ணியறாது நின்றது.

சங்கிலி கரையேறும்போது கதை இன்னும் விசித்திரமாகின்றது. குடம்பி சிறகு முளைத்துப் பறக்கும் பருவத்திலே தன் உடம்பின் உலோகத்திற் பெரும்பகுதியைக் கழற்றிய தோலோடும் கழிவோடும் ஆற்றிலேயே விட்டுவிடுகின்றது. அப்படியாயின் கரையிலுள்ள சிலந்திக்கும் குருவிக்கும் தீங்கில்லை என்று நினைக்கத் தோன்றும். கொலராடோ மாநிலத்தின் சுரங்கப் பகுதி ஓடைகளில் நடத்தி 2014இல் வெளியான ஆய்வொன்று வேறு கதையைச் சொன்னது. உலோகம் மிகுந்த ஓடைகளிற் சிறகோடு வெளிவரும் பூச்சிகளே அருகிவிட்டன. அவற்றை நம்பிப் பிழைக்கும் கரைச் சிலந்திகளும் குறைந்தன. கரைவாழ் உயிருக்கு வந்த கேடு நஞ்சன்று, பட்டினி. இறந்த குருவியின் குடலை அறுத்து நஞ்சைத் தேடும் மரண விசாரணை அதிகாரி ஒன்றையும் காணமாட்டார். "இயற்கை மரணம்" என்று எழுதிக் கையொப்பமிடுவார்.

இப்போது சட்டத்திற்கு மீண்டும் வருவோம். 2020ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் அமெரிக்க உயர் நீதிமன்றம், அனகொண்டா உருக்காலையைச் சூழவுள்ள காணிச் சொந்தக்காரர் 98 பேர் அத்திலாந்திக் றிச்பீல்ட் கம்பனிக்கெதிராகத் தொடுத்த வழக்கிலே தீர்ப்பளித்தது. வீட்டு வளவின் மண்ணில் ஆசனிக்குப் பத்து இலட்சத்தில் 250 பங்கு வரையில் இருக்கலாமென்பது கூட்டாட்சியின் சுற்றாடல் பாதுகாப்பு முகவர் நிலையம் வகுத்த எல்லை. காணிக்காரரோ 15 பங்குக்குக் குறைக்க வேண்டுமென்றனர். மாநில நீதிமன்றத்தில் வழக்காட அவர்களுக்கு உரிமை உண்டு என்று உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால், நஞ்சு வந்து விழுந்த நிலத்துக்குச் சொந்தக்காரராயிருப்பதனாலேயே அவர்களும் சட்டத்தின் கண்ணிற் "பொறுப்பாளியாகக் கூடியோர்" ஆவர். ஆகையால் முகவர் நிலையத்தின் அனுமதியின்றித் தமது மண்ணைத் தாம் விரும்பியவாறு துப்புரவு செய்விக்க முடியாது என்றும் கூறிற்று. சட்டத்தின் சொற்படி இத்தீர்ப்புக்கு நியாயம் உண்டென்றே நாம் கருதுகின்றோம். பத்துப் பேர் பத்து விதமாகத் தோண்டினால் நஞ்சு மேலும் பரவும். ஆயினும் அதன் விளைவைச் சொல்லியே ஆகவேண்டும். "எவ்வளவு சுத்தம் போதும்?" என்ற வினாவின் விடை, அந்த மண்ணிலே பிள்ளை வளர்ப்பவனின் கையில் இல்லை. அளவுகோலை வகுப்பவனின் கையிலேயே இருக்கின்றது. அந்த அளவுகோல் பிழையானால், பிழையை எடுத்துக்காட்டுவதற்குப் பதிவேட்டைத் தவிர வேறு ஆயுதம் குடிமகனுக்கு இல்லை.

துப்புரவு நடக்கவே இல்லையென்று நாம் சொல்லவில்லை. 2008 மார்ச்சில் மில்ரவுண் அணை உடைத்துத் திறக்கப்பட்டது. நூறாண்டுக்குப் பின்னர் ஆறு அவ்விடத்திலே தடையின்றி ஓடிற்று. அணைக்குப் பின்னாலிருந்த நஞ்சுச் சேற்றில் 20 இலட்சம் கன யாருக்கு மேற்பட்டதைத் தோண்டிப் புகையிரதத்தில் ஏற்றி மேலாற்றுக்கே திருப்பி அனுப்பினர். அது கொட்டப்பட்ட இடம் அனகொண்டாவுக்கருகில் ஒரு சிற்றூரின் பக்கம். அவ்வூரின் பெயருக்கு ஆங்கிலத்தில் "நல்வாய்ப்பு" என்பது பொருள். பெயர் வைத்தவரின் வாய் முகூர்த்தத்தை என்னென்பது! உயிரற்றுக் கிடந்த சில்வர் போ சிற்றாற்றிலும் கரைமண் அகற்றப்பட்டு மீன் மீண்டும் ஏறியது. இவை மெய்யான வெற்றிகள். அவை மெய்யென்று நாம் உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணமும் அந்தப் பழைய பதிவேடுகளே. முன்பு என்ன இருந்ததென்று அறியாதவனுக்கு, இப்போது இருப்பது குறைந்ததா கூடியதா என்று எப்படித் தெரியும்?

கிளாக் போக்கின் பதிவேட்டுக்கும் ஒரு பெருங்குறை உண்டு. சுரங்கம் தோண்டி நூறாண்டு கழிந்த பின்னரே அது தொடங்கிற்று. தோண்டுமுன் அந்த ஆற்றின் பூச்சியில் எவ்வளவு செம்பு இருந்தது என்பது எவருக்கும் தெரியாது. பக்கத்திலுள்ள கெடாத ஓடைகளைக் கொண்டு ஊகிக்க வேண்டியிருக்கின்றது. தாதுமலையடியிலே ஓடும் ஆற்றில் இயற்கையாகவே சிறிது உலோகம் இருக்கும் அல்லவா? எந்தக் கம்பனியின் அப்புக்காத்தும் முதலிற் பிடிக்கும் கொம்பு இதுவே. "இது எமது கட்சிக்காரர் போட்டதன்று, கடவுள் போட்டது" என்பார். மண்வெட்டி விழுமுன் எழுதிய ஒரு பக்கம் கையிலிருந்தால், அந்த வாதம் எழுந்த இடத்திலேயே அமர்ந்துவிடும்.

ஆகவே எமது கோரிக்கை திட்டமானது. தாதுச் சுரங்கத்திற்கு உத்தரவு வழங்குமுன், அதன் நீர் இறங்கும் ஆற்றின் மண்ணிலும் பூச்சியிலும் மீனிலும் உள்ள உலோகம் மாரியும் கோடையுமாகச் சில ஆண்டுகள் தொடர்ந்து அளக்கப்பட வேண்டும். செலவைக் கம்பனி முற்பணமாகக் கட்டட்டும். ஆனால் அளப்பவரைக் கம்பனி நியமிக்கலாகாது. அளவுகள் ஆண்டுதோறும் மக்கள் மொழியில் வெளிவர வேண்டும். எல்லை விதிக்கும்போது நீரின் எண்ணோடு உயிரின் எண்ணையும் சட்டத்தில் எழுத வேண்டும். இது நடவாத காரியம் என்று எவரும் சொல்ல வேண்டாம். செலீனியம் என்னும் பொருளுக்கு 2016இல் அமெரிக்க முகவர் நிலையம் வகுத்த நன்னீர் எல்லை, முதன்மையாக மீனின் முட்டையிலும் தசையிலுமே அளக்கப்படுகின்றது. ஒரு பொருளுக்குச் செய்ததைச் செம்புக்கும் கட்மியத்துக்கும் ஏன் செய்யலாகாது?

இவ்வளவும் கடல்கடந்த செய்தி என்று எண்ணியிருப்போருக்கு ஒன்றை நினைவூட்டுகின்றோம். திருகோணமலை மாவட்டத்திலே, கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, சேருவிலைப் பகுதியில் 1971இல் எமது நாட்டுப் புவிச்சரிதவியலாளர் ஒரு தாதுப் படிவைக் கண்டறிந்தனர். இரும்போடு செம்பு கலந்த தாது அது. கந்தகமும் அதிற் பிணைந்தே இருக்கின்றது. மகாவலியின் கிளையாகிய வெருகலாறு அப்பகுதிக்குத் தெற்கே கடலிற் சேர்கின்றது. அந்நீரை நம்பி வயலும் வாவியும் மீன்பிடியும் இருக்கின்றன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அதனைக் குடிக்கின்றனர். செம்பின் தேவை மின்வாகனக் காலத்தில் உலகெங்கும் ஏறுமுகமாயிருக்கின்றது. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தத்தின் கீழ், சுற்றாடற் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கையை மக்கள் பார்வையிட்டுக் கருத்துக் கூறுவதற்கு 30 நாள் உண்டு. முப்பது நாளிலே ஓர் ஆற்றின் முற்காலத்தை எவராலும் எழுதி முடிக்க இயலாது. கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் விலங்கியல் பயிலும் மாணவர் உளர். ஒரு வலையும், சில போத்தல்களும், ஆண்டுக்குச் சில நாட்களுமே முதலில் வேண்டியவை. சேருவிலைத் தாது பற்றி எவரிடமிருந்தேனும் விண்ணப்பம் வந்துள்ளதா? வெருகலாற்றின் மண்ணிலும் உயிரிலும் இன்றுள்ள உலோகத்தின் அளவு எங்கேனும் பதியப்பட்டுள்ளதா? பதியப்பட்டிருப்பின் அப்பதிவேட்டைப் பொதுமக்கள் எங்கே பார்வையிடலாம்? இம்மூன்று கேள்விகளையும் பாராளுமன்றத்திலே எழுப்பி, விடையை எழுத்திலே பெற்றுத் தருமாறு திருகோணமலை மாவட்டத்தின் பிரதிநிதிகள் அனைவரையும், கட்சி வேறுபாடின்றிக் கேட்டுக்கொள்கின்றோம்.